ரொட்டி வண்டியில் கன்னியாகுமரிக்குப் போன மகளுக்கு

அன்பு லிடியா,

உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டதால் இடது கண்ணை மட்டும் நம்பி, சன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். இந்தக் கோடை விடுமுறையில் நாகர்கோவிலிலிருந்து மங்களூர் வரை மேற்குக் கரையோரமாகவே வேனில் போக ஆசையாக இருக்கிறது, ஆனால் உங்கள் கண் ஆபரேஷன் வருகிறதே, அம்மாவும் இல்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளிப் போடாதே. மழைக்காலத்துக்கு முன்னால் எப்போது செய்தாலும் சரிதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீ போய்விட்டு வா, பிறகு செய்துகொள்கிறேன். இதைச் சொல்ல ஒரு தபால் கார்டு போதும். ஆனால் நீ என்னிடம் அனுமதி கேட்டதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் தடவை போனபோது நீ யாரையும் கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னாய், அவ்வளவுதான். அந்தப் பயணத்தைப் பற்றி நான் மனதில் வைத்திருப்பதை உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் நாம் இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் ரயில் நேரத்தைப் பற்றியும்தான் பேசுகிறோம். கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டால் மறுபடி பேனா பிடிக்க எத்தனை நாள் ஆகுமோ. அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

நீ வேன் ஓட்டக் கற்றுக்கொண்டது யாரும் யோசித்துச் செய்த காரியம் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் நம் ரொட்டிக் கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. விடியும்போதே ஏழுமலை வேனில் ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மறுநாள் ஊரப்பாக்கம் பக்கம் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு ஐப்பசி மழையில் சைக்கிள் சறுக்கி ஏழுமலை இடது கையை உடைத்துக்கொண்டான். இன்னொரு டிரைவர் கிடைக்கும்வரை என்ன செய்வது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் ஓட்டறேம்பா, ஏழுமலை அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லட்டும்" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்த ரொட்டி யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காது என்பதால் சரி என்றேன்.

அந்த மூன்று வாரமும் ஏழுமலை கட்டுப் போட்ட கையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தான். "கிளச்ச பொத்துனு வுடாத பாப்பா. பூனை கால் வைக்கிறா மாதிரி வுடு. இன்னா அவசரம், ரொட்டி எங்கியும் ஓடிப் போவாது." நானும் ஒரு நாள் பின்னால் தட்டுகளுக்கு நடுவே ஏறி வந்தேன். அன்று ராஜகீழ்ப்பாக்கத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு லாரி போனதைப் பார்த்து, நாமும் போகலாம் என்று நான் சொன்னேன். நீ வண்டியை நிறுத்தினாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலியிலிருந்து ஒரு கம்பை உருவி, தண்ணீருக்குள் இறங்கி, கம்பால் தரையைத் தட்டித் தட்டி எதிர்க்கரை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாய். "இடது பக்கம் ரோடு அரிச்சிருக்கு. வலது பக்கமா போனா முட்டிக்குக் கீழதான் தண்ணி" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து மெதுவாக ஓட்டினாய். ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா மொதலாளி, நானா இருந்தா வுட்டுக்கினு போயி கவுத்திருப்பேன்" என்றான். துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். உன்னுடையது கம்பால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு நடக்கிற துணிச்சல். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து இல்லை.

பிறகு நீ பூகோள டீச்சர் ஆனாய். ஒரு தடவை உன் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தபோது வகுப்பறைப் பலகையில் நீ வரைந்திருந்த தமிழ்நாட்டுப் படத்தைப் பார்த்தேன். பழவேற்காட்டில் தொடங்கி, கோடியக்கரையில் மூக்கு நீட்டி, உள்ளே வளைந்து, ராமேஸ்வரத்தில் கை நீட்டி, கன்னியாகுமரியில் முடிகிற அந்தக் கரைக்கோட்டை நீ சாக்பீஸை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவாய் என்று உன்னோடு வேலை பார்க்கும் டீச்சர் பெருமையாகச் சொன்னார். அதைப் பற்றி நீ வீட்டில் சொன்னது வேறு. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இந்தக் கோடு முழுக்க நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாளாம். மகாபலிபுரம் வரை பார்த்திருக்கிறேன் என்று நீ சொன்னாயாம். அவள் வந்து பலகையில் மகாபலிபுரத்துக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டாளாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "மே மாசம் லீவுல பழைய வேனை எடுத்துக்கிட்டுக் கரையோரமா கன்னியாகுமரி வரைக்கும் போகப் போறேன். வேன்லயே தூங்கிக்குவேன்" என்றாய்.

அம்மா ரசத்தைக் கீழே வைத்துவிட்டாள். "யாரோட?"

"தனியா."

"கல்யாணம் ஆகாத பொண்ணு ரோட்டோரமா வண்டியில படுத்துத் தூங்கப் போறியா? என்னங்க, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

மறுநாள் உன் மாமா ஊரப்பாக்கத்திலிருந்து வந்துவிட்டார். அவர் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, ஜூனில் பெண் பார்க்க வருகிறார்கள். "அவங்க காதுக்கு இது போச்சுன்னா என்ன நினைப்பாங்க?" என்று மாமா கேட்டார். நீ கோபப்படவில்லை. "என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கறதும் நல்லதுதானே மாமா" என்றாய்.

நான் புது வேன் வாங்கிய பிறகு பழையது கொல்லையில் முருங்கை மரத்தடியில் கிடந்தது. ஏழுமலையும் நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினீர்கள். ரொட்டித் தட்டுச் செருகுகிற சட்டங்களின் மேல் பலகை போட்டுக் கட்டில் ஆக்கினீர்கள். கட்டிலுக்குக் கீழே மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, ஒரு தண்ணீர்ப் பானை, அது உருளாமல் இருக்க ஒரு வளையம். "உள்பக்கமா ரெண்டு தாப்பா போட்டுகீறேன் பாப்பா. யான வந்து முட்னாலும் தொறக்காது" என்றான் ஏழுமலை. பேசாமல் இருந்த அம்மா கடைசி வாரத்தில், தன் பழைய நீலச் சேலையைக் கிழித்து சன்னலுக்குத் திரை தைத்துக் கொண்டுவந்து உன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒத்துக்கொண்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. உள்ளே வெளிச்சத்தில் நீ இருப்பதை வெளியே இருக்கிறவன் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். வேனின் இரண்டு பக்கமும் நம் கடைப் பெயர் இருந்தது. அதை நீ அழித்தாய். ஆனால் 'ரொட்டி' என்ற எழுத்து மட்டும் இரும்பிலேயே ஊறிப்போய் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. எத்தனை தரம் கழுவினாலும் உள்ளே வாசனையும் போகவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலையில் வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பிப் போனாய். முதலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கார்டு வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் தூங்கினேன். மரக்காணத்துக்கு மேல் கரையோரமாக ரோடு இல்லை, உள்ளே சுற்றி வந்தேன். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் சாப்பிடச் சொல்லி விடவே மாட்டேன் என்றார்கள். தரங்கம்பாடியில் அலை கோயில் சுவரிலேயே வந்து அடிக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா. கடைசி கார்டு வேளாங்கண்ணியிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் ஆயிற்று. தபால்காரர் தெரு முனையில் வரும்போதே அம்மா வாசலில் நிற்பாள். அந்தச் சமயம் பார்த்து மாமாவும் வந்து, மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரமே வர நினைக்கிறார்கள் என்றார். அம்மா அன்று அழவில்லை. என் பையில் இரண்டு வேட்டியும் சட்டையும் எடுத்து வைத்து, "போய் அவளைக் கூட்டிட்டு வாங்க. அவ இல்லாம நீங்க மட்டும் வந்து நிக்காதீங்க" என்றாள். நானும் அதே நினைப்போடுதான் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் ஒரு பக்கம், கண்டுபிடித்ததும் இரண்டு வார்த்தை கேட்டு இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற கோபம் ஒரு பக்கம்.

நாகப்பட்டினத்தில் இறங்கி பஸ் பிடித்து வேளாங்கண்ணி போனேன். தனியாக ஒரு பெண் வேன் ஓட்டிக்கொண்டு வந்தாளா என்று எப்படிக் கேட்பது என்று ரொம்ப நேரம் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே, "ரொட்டி வண்டி டீச்சரா? தெக்க போனாங்க" என்றார். வேதாரண்யம் போகிற ரோட்டில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் கேட்டேன். எல்லோருக்கும் உன்னைத் தெரிந்திருந்தது. ஒரு பெட்டிக்கடைக்காரர், "நம்ம கடை பெஞ்சுலதான் ஒக்காந்து சோடா குடிச்சாங்க. தனியா வாறீங்களே, பயமில்லையான்னு கேட்டேன். நீங்கல்லாம் இருக்கீங்களேன்னாங்க. அதுக்கப்புறம் அந்த வண்டி கண்ணுல மறையற வரைக்கும் நான் உள்ள போவலீங்க" என்றார். யாரும் உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. ஊர் என்ன பேசும் என்று வீட்டில் எத்தனை நாள் கவலைப்பட்டோம். அந்த ஊர்கள் பேசியது இதுதான். என் கோபம் பாதி வழியிலேயே கரைந்துபோனது. பயம் மட்டும் இருந்தது.

ரோட்டிலிருந்து உப்பளத்து வரப்பில் நடந்து போனால் கரையில் ஒரு மீனவர் குப்பம், வண்டி அங்கேதான் நிற்கிறது என்று சொன்னார்கள். நல்ல வெயில். செருப்பில் மணல் ஏறி, வேட்டியெல்லாம் வியர்வையில் நனைந்து குப்பத்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள்தான் அஞ்சலை.

"யாரைப் பாக்கணும் அய்யா?"

"ஒரு வேன் வந்ததாச் சொன்னாங்க. என் பொண்ணு..."

அவள் குடத்தை இறக்கிவிட்டாள். "ரொட்டி வண்டிப் புள்ளைக்கு அப்பாவா நீங்க? வாங்கய்யா, நெழலுக்கு வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

நான் குடித்தேன். பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். லிடியா, இதை நீ எந்தக் கார்டிலும் எழுதவில்லை, வந்த பிறகு வாயாலும் சொல்லவில்லை. அதனால் அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கடலு பாலா கெடந்துச்சு அய்யா. பொழுது சாயறப்ப காத்து மாறிப்போச்சு. மண்ணு பறக்குது, மழை அடிக்குது, எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியல. எங்க வூட்டுக்காரரு, எந்தம்பி, இன்னும் நாலு கட்டுமரத்து ஆளுக கடல்ல. ஓலையைக் கொளுத்திக் காட்டுறோம், கொளுத்தக் கொளுத்தக் காத்து அணைக்குது. ஒங்க புள்ள அப்பதான் கோயிலடியில வண்டிய நிறுத்திச் சோறு வச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க கத்தலைக் கேட்டு வந்து நின்னு பாத்துச்சு. எந்தப் பக்கமா வருவாங்கன்னு ஒரு கேள்விதான் கேட்டுச்சு. நேரா போயி வண்டிய எடுத்துக்கிட்டு அந்த மணல்மேட்டு மேல ஏத்துச்சு. மணல்ல சக்கரம் பொதையுது. ஓலை போடுங்க, ஓலை போடுங்கன்னுச்சு. நாங்க பொம்பளைக எல்லாம் சேந்து ஓலையப் போட்டுத் தள்ளுனோம். மேல ஏத்திக் கடலைப் பாக்கத் திருப்பி ரெண்டு வெளக்கையும் போட்டுருச்சு. வண்டிய நிறுத்தவே இல்ல. பெட்ரோலு தீர்ற வரைக்கும் உறுமிக்கிட்டே நின்னுச்சு. தீந்ததுக்கப்புறமும் வெளக்கு எரிஞ்சுது. மங்கி மங்கிச் செத்துச்சு. அதுக்குள்ள முக்கால்வாசிப் பேரு கரைக்கு வந்துட்டாங்க. மிச்சப்பேரு வெளக்கு நின்ன திக்கை மனசுல வச்சுக்கிட்டே வந்து சேந்தாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டரி செத்துப்போச்சாம். பெட்ரோலும் இல்ல. நாங்கதான் வண்டிய எறக்கிக் கொண்டாந்தோம். பாட்டரிய மாட்டு வண்டில ஏத்தி எந்தம்பி நாகப்பட்டினம் போயிருக்கான். இன்னைக்கு வந்துருவான். இம்புட்டு நாளும் எங்க வூட்லதான் ரெண்டு வேளை சோறு. போதும் போதுங்குது, நாங்க விடல."

உன்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

வேன் ஒரு பூவரச மரத்தடியில் நின்றது. நீ அதன் நிழலில் சாக்கை விரித்து, கார்புரேட்டரைக் கழற்றி வைத்துத் துணியால் மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். முகம் கறுத்து, தலைமுடி எல்லாம் உப்பேறிப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தாய். "அப்பா. வெயில்ல நடந்தா வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்றாய். பத்து நாள் பயந்து செத்த மனுஷனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது. ஆனால் அதைக் கேட்டதும் நான் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா ஒரு கார்டு போடல?" என்றேன். இரண்டு கார்டு எழுதி, உப்பு லாரியில் போகிறவரிடம் கொடுத்து அனுப்பினாயாம். அது தபால் பெட்டிக்குப் போகவில்லை என்று அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. உன் முகம் சட்டென்று வாடிப்போனது. "அம்மா ரொம்பத் தவிச்சிருப்பாங்களே" என்றாய். விளக்கு போட்டதைப் பற்றிக் கேட்டேன். "வண்டியில லைட் இருந்துச்சுப்பா, போட்டேன். கட்டுமரம் ஓட்டிக்கிட்டு வந்தவங்க அவங்கதானே" என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஸ்பானரைக் கேட்டாய்.

சம்பந்தத்தைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வருகிறார்கள், அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் என்றேன். நீ திருகாணியை முறுக்கி முடித்தாய். பிறகு சொன்னாய்: "அப்பா, கன்னியாகுமரி வரைக்கும் தனியா போனவ வேண்டாம்னு சொல்றவரு, பாதியில பயந்து திரும்பினவளைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறாரு? அவரு வரட்டும். நான் போயிட்டு வந்து அவர்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்றேன். கேட்டுட்டு அப்புறமும் சரின்னா பாக்கலாம்." குரலில் வீம்பு இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் இடது பக்கம் ரோடு அரித்திருக்கிறது என்று சொன்னாயே, அதே குரல். நான் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்பதை அந்த இடத்திலேயே மறந்தேன்.

சாயங்காலம் பாட்டரியும் ஒரு தகரம் பெட்ரோலும் வந்தன. மறுநாள் காலையில் நீ பாட்டரியைப் பூட்ட, நான் கம்பியைப் பிடிக்க, குப்பமே சுற்றி நின்றது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. அஞ்சலை ஒரு ஓலைப் பெட்டி நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்கப்பா, ரெண்டு பேரும் கன்னியாகுமரி வரைக்கும் போலாம். நீங்களும் ஒண்ணும் பாத்ததில்லையே" என்றாய்.

நான் எத்தனை ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. வாலிபத்திலிருந்து அடுப்பு முன்னாலேயே நின்றவன். நாலு நாள் சேர்ந்தாற்போல் கடை மூடியதில்லை. கட்டிலும் திரையும் கடல் காற்றுமாக அந்த வேன் கதவு திறந்து நின்றபோது ஏறி உட்கார்ந்துவிட என் கால் எழுந்தது. ஆனால் நான் ஏறிவிட்டால், அது அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போன பயணம் ஆகிவிடும். போகிற ஊரிலெல்லாம் டீக்கடைக்காரர்கள் என்னிடம்தான் பேசுவார்கள், உன்னிடம் பேச மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். "கடையை யார் பாக்கறது? என்னை ரோட்டுல எறக்கி விடு, பஸ் புடிச்சுக்கறேன்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. ரோட்டில் இறக்கிவிட்டு, வேதாரண்யம் பக்கம் திரும்பினாய். புழுதி அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். என் பஸ்ஸை நிறுத்தக் கூட மறந்து, அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்க அவ?"

"வரல. நல்லா இருக்கா. நான்தான் போகச் சொன்னேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பையை வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அஞ்சலை சொன்னதை எல்லாம் சொன்னேன். முடித்ததும், "அவ்வளவு மணல்ல எப்படி மேல ஏத்தினா?" என்று கேட்டாள். ஓலை போட்டதை மறுபடி சொன்னேன். மாலையில் மாமா வந்தபோது அம்மாவே வாசலில் நின்று அவரிடம் பேசினாள். "அண்ணா, அவ வர இன்னும் நாளாகும். அவங்களுக்கு இஷ்டம்னா காத்திருக்கட்டும்." அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நீ கன்னியாகுமரியைப் பார்த்து, திரும்பும் வழியில் நாகர்கோவிலில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்று பேசி, பிறகு அங்கேயே வேலைக்குப் போனதும், இன்று தலைமை ஆசிரியையாக இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அது இல்லை. உன்னைத் தேடிப் போன அந்த ரோட்டில் முன்பின் தெரியாதவர்கள் வாயால் என் மகளைப் பற்றிக் கேட்டேன். எந்தத் தகப்பனுக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்க வேண்டும்.

மேற்குக் கரைக்கு நான் சொல்ல ஒன்றிரண்டுதான் இருக்கிறது. மழை அங்கே ஜூன் தொடங்கியதுமே இறங்கிவிடுமாம், அதற்குள் மங்களூர் போய்ச் சேர்ந்துவிடு. கார்டை யாரிடமும் கொடுக்காமல் நீயே பெட்டியில் போடு. சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போ. ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே, அதில் பாதி நாள் போய்விடும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏழுமலை தினமும் சாயங்காலம் வந்து உட்கார்கிறான். நேற்று வந்தபோது நீ போகிற சேதியைச் சொன்னேன். "பாப்பா போவட்டும் மொதலாளி. கிளச்சு பிளேட்டு மட்டும் பாத்துக்கச் சொல்லு" என்றான்.

உன் அம்மாவைப் பற்றியும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். அவள் இருந்திருந்தால் தடுத்திருப்பாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. நீ கன்னியாகுமரியிலிருந்து திரும்பிய அடுத்த சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "என்னையும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றாள். வேனில் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. நான் பின்னால் கட்டில் பலகையில். கோவளம் போய்க் கடலைப் பார்த்தோம், வேர்க்கடலை வாங்கிக் கொறித்தோம், வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குத் திரும்பினோம். கேளம்பாக்கம் முக்கில் நீ வண்டலூர் பக்கம் திருப்பப் போனபோது அவள் உன் கையைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் போற ரோடு எங்க போகுது?"

"திருப்போரூர்மா. அப்புறம் மகாபலிபுரம்."

"நீ போனது இதுலயா?"

"ஆமா."

"அப்ப இதுலயே போ."

நீ திருப்பினாய். தென்னந்தோப்பும் உப்பளமும் வந்தன. அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி காற்றில் பறக்க, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருப்போரூர் தாண்டியதும் எனக்குத்தான் பதற்றம். பொழுது போகிறது, வீட்டில் விளக்கு ஏற்ற வேண்டும், திரும்பலாம் என்று பின்னாலிருந்து சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். பிறகு உன்னிடம், "லிடியா, இன்னும் கொஞ்ச தூரம் போ" என்றாள்.

அன்புடன்,
அப்பா